கணினிக்கும் கவாத்து: காட்டோரக் குடியிருப்புகளைத் தில்லி கணக்கில் கொள்ளுமா?

புதுதில்லி: செயற்கை நுண்ணறிவு வளர்ச்சிக்கு மத்திய அரசு கோடிக்கணக்கில் செலவிட்டு வரும் நிலையில், யானை வருவதை முன்கூட்டியே அறிவிக்கும் சிறிய கருவிகளுக்கு அத்திட்டத்தில் என்ன இடம் என்ற கேள்வி எழுகிறது.

இந்தியா ஏ.ஐ. இயக்கத்துக்கு ரூ. 10,371.92 கோடி ஒதுக்க மத்திய அமைச்சரவை 2024 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. இதன்கீழ் கிடைக்கும் ஜி.பி.யு. எனப்படும் அதிவேகக் கணிப்புச் சில்லுகளின் எண்ணிக்கை 38 ஆயிரத்தைத் தாண்டிவிட்டதாக 2025-ல் அரசு அறிவித்தது. ஆனால், இச்சில்லுகள் இருப்பது நகரங்களின் தரவு மையங்களில். யானை வருவதோ மலைச்சரிவில்.

திருவனந்தபுரம் மாவட்டம் போனக்காடு அத்தகைய இடங்களுள் ஒன்று. அகத்தியர்கூட மலையேற்றம் தொடங்கும் இவ்வூர், பேப்பாறை வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டியுள்ளது. நலிவுற்ற தேயிலைத் தோட்டத்தின் லயங்களில் தமிழ் வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்கள் வசிக்கின்றன. மலைமுகட்டுக்கு மறுபுறம் களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம். அகத்தியமலை யானைகள் காப்பகத்தை 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. யானைக்கு மாநில எல்லை கிடையாது.

கோவை காட்டிய வழி

கோவை மாவட்டம் நவக்கரை அருகே 2021 நவம்பரில் ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. இதைத் தொடர்ந்து மதுக்கரை வனச்சரகத்தில் ரூ. 7.24 கோடியில் 12 கோபுரங்களும் வெப்பப் படக் கேமராக்களும் நிறுவப்பட்டு, 2024 பிப்ரவரியில் கட்டுப்பாட்டு அறையுடன் பயன்பாட்டுக்கு வந்தன. ரயில் பாதைக்கு இச்செலவு நியாயமே. ஆனால், சில பத்து வீடுகளே உள்ள குடியிருப்புக்கு இத்தனை கோடி ஒதுக்கப்படும் என்று எதிர்பார்க்க இயலாது. அங்கு வேண்டியது, கம்பத்தில் பொருத்திய சிறு பெட்டி. சூரிய மின்கலத்தில் இயங்கி, இணையத்தை நம்பாமல் படத்தை அங்கேயே ஆராய்ந்து எச்சரிக்க வேண்டும்.

படத்தில் இருப்பது என்ன, எங்கே இருக்கிறது என இரண்டையும் கண்டறிபவை பொருள் கண்டறியும் நரம்பணு வலைகள். 2015-ல் வெளியான 'யோலோ' விநாடிக்கு 45 படங்களை ஆராய்ந்தது. ஆனால், அவ்வேகம் விலையுயர்ந்த ஜி.பி.யு.வில் கிடைத்தது. கோடிக்கணக்கான எண்களைப் பெருக்கிக் கூட்டும் அவ்வேலையைச் சிறு பெட்டி தாங்காது.

தேயிலைத் தோட்டப் பாடம்

இதற்கான தீர்வைத் தோட்டத் தொழிலாளர் ஒரே சொல்லில் கூறிவிடுவர்: கவாத்து. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை வெட்டிவிட்டால் புதுத் தளிர் விடும். வலையிலும் விடைக்கு அதிகம் பயன்படாத இணைப்புகளை நீக்கிவிட்டு, எஞ்சியதற்கு மீண்டும் பயிற்சி அளிக்கின்றனர். யான் லெகுன், சாரா சொல்லா உள்ளிட்டோர் 1989-லேயே இதற்கு வழி காட்டினர். 2015-ல் சாங் ஹானின் குழு, படங்களை வகைப்படுத்தும் 'அலெக்ஸ்நெட்' வலையின் 6.1 கோடி எண்களை, துல்லியம் குறையாமல் 67 லட்சமாகக் குறைத்துக் காட்டியது.

எனினும், அங்கொன்றும் இங்கொன்றுமாக இணைப்புகளை நீக்கினால், சாதாரணச் சில்லில் வேகம் பெரிதாகக் கூடாது. பூஜ்யங்களையும் அது பெருக்கிக்கொண்டே இருக்கும். வடிகட்டி எனப்படும் தொகுப்புகளை முழுமையாக நீக்கினால்தான் வேலை குறையும், மின்கலமும் நீடிக்கும்.

மறப்பது எதை?

சாரா ஹூக்கர் உள்ளிட்ட கூகுள் ஆய்வாளர்கள் 2019-ல் ஓர் எச்சரிக்கை விடுத்தனர். படங்களை வகைப்படுத்தும் வலைகளைக் கவாத்து செய்தபின், சராசரித் துல்லியம் ஏறத்தாழ அப்படியே இருந்தது. ஆனால் இழப்பு சமமாகப் பரவவில்லை. சில வகைகளும், அரிதாகக் காணப்படும் படங்களுமே பெரிதும் பாதிக்கப்பட்டன.

சராசரிக் கணக்கில் சிறுபான்மையினர் மறைந்துபோவது அரசியல் அறிந்தோருக்குப் புதிதல்ல. பட்டப்பகலில் வெட்டவெளியில் நிற்கும் யானையை எந்த வலையும் எளிதில் காணும். பனிமூட்டத்தில், மரங்களுக்கிடையே பாதி உடல் மட்டும் தெரியும் யானைதான் அரிய படம். வேலை முடிந்து இருட்டில் லயத்துக்குத் திரும்புபவரின் உயிர் அந்தப் படத்தில்தான் இருக்கிறது.

எனவே, இத்தகைய கருவிகளை வாங்கும் அரசுகள் '95 சதவீதத் துல்லியம்' போன்ற விளம்பரத்தோடு நின்றுவிடலாகாது. இரவிலும் மழையிலும் பனியிலும் தவறவிட்ட யானைகள் எத்தனை, பொய் எச்சரிக்கைகள் எத்தனை என்பதைத் தனித்தனியே கேட்டு, அந்தந்த ஊர்களிலேயே சோதித்து, முடிவுகளை வெளியிட வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இரவுப் படங்களைத் திரட்டக் கேரளமும் தமிழகமும் கைகோக்க வேண்டும்; அதற்கான நிதியை மத்திய அரசு தர வேண்டும்.

கவாத்துக் கத்தியை எங்கே வைப்பது என்பது தோட்டத்தில் அனுபவம் சார்ந்த முடிவு. கணினியிலோ அது பொறியாளரின் முடிவு மட்டுமன்று. எவருடைய ஆபத்து கணக்கில் வருகிறது என்ற அரசின் முடிவும் ஆகும்.