எதிர்ப்பயன் விளைக்கும் செயல்

ஆங்கிலத்திலே ‘கவுண்டர்புரொடக்டிவ்’ என்றொரு சொல் வழங்குகின்றது. ‘கவுண்டர்’ என்பது எதிர். ‘புரொடக்டிவ்’ என்பது பயன் விளைப்பது. நாடிய பயனுக்கு மாறானதையே விளைக்கும் செயலை இச்சொல் குறிக்கும்.

இதனை ‘வீண்’ என்பதனோடு மயங்குதல் கூடாது. விழலுக்கு இறைத்த நீர் வீண். அதனாற் பயனில்லை, அவ்வளவே. பயிர் தழைக்க இறைத்த இறைப்பே பயிரைக் கருகச் செய்தால், அது எதிர்ப்பயன். அப்படியும் நிகழுமோ என ஐயுறுவோர் யாழ்ப்பாணக் குடாநாட்டை நோக்குக.

மருதனார்மடச் சந்தைக்கு வரும் மரக்கறிகள் பெரும்பாலும் வலிகாமத்துச் செம்மண்ணிலே விளைவன. அங்கே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, நிலத்தடியில் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதன் கீழ் ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியற் கணக்கு. மேலே 1 அடி குறைந்தால், கீழே உவர்நீர் காலப்போக்கில் 40 அடி எழக்கூடும். துலா மிதித்த காலத்தில் மனிதனின் களைப்பே இறைப்புக்கு எல்லையாயிற்று. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. மிகையாக இறைக்குந்தோறும் உவர் நெருங்குகின்றது; கரையை அண்டிய கிணறுகளில் அது முதலில் தோன்றும்.

பசளையின் கதையும் இத்தகையதே. அளவுக்கு மிஞ்சி இட்ட யூரியாவின் எச்சம் நைத்திரேற்றாக மாறி, அதே கிணற்றுநீரை அடைகின்றது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வரம்பு கடந்தமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரிற் கரைத்த பால்மாவைப் பருகும் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். குடும்பம் வாழ இட்ட பசளை குழந்தைக்கே பகையாகின்றது.

அதற்காகப் பசளையை முற்றாக விலக்குதலும் தீர்வாகாது. 2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. உடல்நலமும் அந்நியச் செலாவணியும் காத்தல் அதன் நோக்கங்களுட் சில. நவம்பரிலே தடை தளர்த்தப்பட்டது. எனினும் அடுத்த பெரும்போக நெல் விளைச்சல் பெரிதுங் குன்ற, செலாவணி கொடுத்தே அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது.

தீமை நாடித் தீமை செய்தவனை இச்சொல் சுட்டாது. நோக்கம் நன்றாயிருந்தும், வழியோ அளவோ பிழைத்த இடத்திலேயே இது பொருந்தும். மண்ணைச் சோதித்துப் பசளையிடுவோரும், மாரி தந்த நீரின் அளவறிந்து இறைப்போரும் இச்சொல்லுக்கு ஆளாகார்.