குணத்துக்கு வகை இல்லை, அளவு உண்டு

துறையூரை அடுத்த உப்பிலியபுரம் பக்கம் ஒரு வரன் வந்தால், ஜாதகம் பொருந்தியதோடு வேலை முடிவதில்லை. பையன் வீட்டுத் தெருவுக்கே போய் விசாரிப்பார்கள். மளிகைக்கடையிலும் டீக்கடையிலும் பதில் கிடைக்கும்: "தங்கமான பையன்", "முன்கோபி", "அழுத்தக்காரன், லேசில் வாய் திறக்கமாட்டான்".

ஆளுமை பற்றிய அறிவியலும் இப்படிப்பட்ட சொற்களில்தான் கால் ஊன்றியது. 1936-ல் கார்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் ஏறத்தாழ 18,000 சொற்களை ஆங்கில அகராதியிலிருந்து திரட்டினார்கள். எந்தக் குணம் எதனுடன் சேர்ந்து வருகிறது என்று பின்வந்தவர்கள் கணக்கிட்டபோது ஐந்து பெருங்குணங்கள் தேறின: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம்.

இவை ஐந்தும் எல்லோரிடமும் உண்டு. கூடுதல் குறைவுதான் வேறுபாடு. உயரத்தைப் போலவே குணத்திலும் பெரும்பாலோர் நடுவில் இருக்கிறார்கள்.

ஆனால் மனிதரை வகைப்படுத்தும் ஆசை பழையது. சித்த மருத்துவம் வாத, பித்த, கப தேகிகள் என்று பிரித்தது. கலப்பு உண்டு என்றும் சொன்னது. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் கார்ல் யுங் 1921-ல் உளவியல் வகைகள் பற்றி நூல் எழுதினார். அதை அடியொற்றி கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் 16 வகைகளை வகுத்தார்கள். திருச்சிக் கல்லூரிகளுக்கு பஸ் ஏறும் பிள்ளைகள் இன்று செல்போனில் எழுதிப் பார்க்கும் பல சோதனைகளுக்கு மூலம் இதுதான். நடுவில் இருப்பவரையும் இந்த வகைப்பாடு ஏதாவது ஒரு வகைக்குள் தள்ளியாக வேண்டும். அதனால் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது.

இருந்தும் 'என்னையே படம் பிடித்ததுபோல் இருக்கிறது' என்று ஏன் தோன்றுகிறது? உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948-ல் தம் மாணவர்கள் 39 பேருக்குச் சோதனை வைத்து, ஆளுக்கொரு குணக்குறிப்பு கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் தந்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. உண்மையில் எல்லோருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு; பெரும்பகுதி ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

அப்படியானால் நம்மை நாம் அறிவது எப்படி? உளவியலாளர் சிமின் வசீர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு நல்ல வழி காட்டுகிறது. உள்ளுக்குள் இருக்கும் பதற்றத்தை நாமே சரியாக மதிப்பிடுகிறோம். அறிவுக்கூர்மை போல, நல்லது கெட்டது என்று எடைபோடப்படும் தன்மைகளை நண்பர்களே நன்றாகக் கணிக்கிறார்கள். தெருவில் விசாரிக்கும் பெரியவர்களின் வழக்கத்துக்கு ஆய்வுக்கூடத்திலும் ஓரளவு ஆதாரம் இருக்கிறது.

ஆகவே, ஒளிக்காமல் பேசும் இரண்டு பேரிடம் உங்களைப் பற்றிக் கேளுங்கள். கசக்கும் பதிலையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வயது ஏற ஏறப் பொறுப்பும் இணக்கமும் சராசரியாகக் கூடுகின்றன; சின்னச் சின்னப் பழக்கங்களால் கொஞ்சம் மாறவும் முடியும். இருபது வயதில் 'நான் இந்த வகை' என்று முத்திரை குத்திக்கொள்பவர், மாறக் கிடைக்கும் அந்த வாய்ப்பைத் தானே மூடிவிடுகிறார்.