ஒளிப்பெட்டி - 17: முதலில் லென்ஸ், பிறகு வளையம்

டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ்களின் விலையைச் சென்ற வாரம் படித்து மலைத்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. பழைய மீடியம் ஃபார்மட் லென்ஸ் ஒன்று, பின்னால் இன்றைய மிரர்லெஸ் கேமரா, இரண்டுக்கும் நடுவில் சாயவும் நகரவும் தெரிந்த ஓர் அடாப்டர் வளையம்.

இது எப்படிச் சாத்தியம்? கிழக்கு ஜெர்மனியின் பென்டகான் சிக்ஸ் கேமராவில் லென்ஸ் மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை 74.1 மி.மீ. சோனி ஈ மவுண்டில் அதே தூரம் 18 மி.மீ.தான். மிச்சமிருக்கும் 56 மி.மீ. இடைவெளியில் சாய்க்கும், நகர்த்தும் பொறிகள் தாராளமாக உட்காரும். அடுத்தது ஒளிவட்டம். 6x4.5 ஃபிலிமுக்கான லென்ஸ் குறைந்தது 70 மி.மீ. விட்டத்துக்குப் படம் விழச் செய்யவேண்டும். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் மூலைவிட்டமோ 43 மி.மீ. கேமராவைப் படுக்கைவாட்டில் வைத்தால் மேலே 18 மி.மீ. வரை நகர்த்த இடமிருக்கிறது என்று கணக்கு சொல்கிறது. பல அடாப்டர்கள் 15 மி.மீ.க்கு மேல் நகர்வதில்லை. எனவே இன்னும் பெரிய 6x6 லென்ஸ் வேண்டும் என்று அலையத் தேவையில்லை.

கோபுரத்தையும் கட்டடத்தையும் நிமிர்த்தி எடுக்க நினைத்தவர்கள்தான் ஏமாறுவார்கள். மமியா 645 கேமராவின் மேனுவல் ஃபோக்கஸ் வரிசையில் மீன்கண் லென்ஸை விட்டால் ஆகக் குறைந்தது 35 மி.மீ. பென்டகான் சிக்ஸுக்கு வந்த செய்ஸ் யேனா ஃபிளெக்டகான் 50 மி.மீ. ஃபுல் ஃப்ரேமில் அது அகலக்கோணமே இல்லை. குறுகிய தெருவில் நின்று எடுப்பவர் கேனனின் 24 மி.மீ. டிஎஸ்-ஈ லென்ஸை வாடகைக்கு எடுப்பதே மேல்.

என்னைக் கேட்டால், இந்த அடாப்டரின் இடம் மேசைதான். நகை, கைக்கடிகாரம், சாப்பாட்டுத் தட்டு. பென்டகான் சிக்ஸின் 80 மி.மீ. பயோமெட்டார் லென்ஸை 10 பாகை சாய்த்து, கேமராவை நேராகப் பார்க்க வைத்தால், கூர்மைத் தளம் லென்ஸுக்குக் கீழே சுமார் 46 செ.மீ.யில் இருக்கும் கோட்டின் வழியே போகும். மேசைக்குப் பொருத்தமான உயரம். அதே சாய்வில் 180 மி.மீ. சோனார் லென்ஸைப் போட்டால் அந்தக் கோடு ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். ஃபோக்கல் தூரம் கூடக்கூடச் சாய்வின் பலன் குறைகிறது. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் பாகை எண்ணை உங்கள் லென்ஸோடு சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

அடாப்டரைக் கையில் வாங்கியதும் சாய்வும் நகர்வும் தனித்தனியே சுழல்கின்றனவா என்று பாருங்கள். சிலவற்றில் இரண்டும் சேர்ந்தே திரும்பும். பாதி வேலைக்கு உதவாது. பூட்டுத் திருகும் முக்கியம். அந்தச் சோனார் ஒரு கிலோவுக்கு மேல் கனம். திருகு வலுவாகப் பிடிக்காவிட்டால் படம் எடுக்கும்போதே தலைகுனியும். அடாப்டரிலேயே முக்காலியில் பொருத்தும் கால் இருந்தால் கூடுதல் காசு கொடுக்கலாம். லென்ஸ் அசையாமல் கேமரா மட்டும் நகர்வதால், அடுத்தடுத்து எடுத்த படங்களை ஒட்டும்போது முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் விலகாது.

ஹாசல்பிளாட் எச் வரிசை லென்ஸைக் காட்டி, “இதுக்கும் வளையம் இருக்கு சார்” என்று கடைக்காரர் சொன்னால், அபர்ச்சரை எங்கே திருப்புவது என்று கேளுங்கள். அந்த லென்ஸில் அதற்கான வளையமே கிடையாது.