உங்களுக்குத் தெரியுமா? நிற்பதும் உட்கார்வதும்

பட்டனை அழுத்தினால் மேலே எழும்பும் மேசைகள் நம் ஊர் ஐ.டி. கம்பெனிகளுக்கும் வந்துவிட்டன. நின்றபடியே கீபோர்டைத் தட்டலாம். தொப்பை கரையும், சர்க்கரை குறையும், முதுகுவலி பறந்துபோகும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அதே தெருவில் ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே புடவை விரித்துப் போடும் பெண்ணுக்கோ, ஐந்து நிமிடம் உட்கார ஒரு முக்காலி கிடைத்தால் போதும். இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

● உட்கார்ந்த வேலைக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை முதலில் காட்டியவை லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகள். ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஆய்வை வெளியிட்டார். ஒரே நிறுவனம், ஒரே பேருந்து, ஏறக்குறைய ஒரே சம்பளம். ஆனால் மாரடைப்பு ஓட்டுநர்களையே அதிகம் தாக்கியது. அது வந்தபோது அவர்களில் இறந்தவர்களும் அதிகம். ஓட்டுநர் நாள் முழுக்க இருக்கையில் இருந்தார். நடத்துநரோ டிக்கெட் கொடுப்பதற்காக ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறினார்.

மாரிஸ் அதோடு விடவில்லை. வேலைக்குச் சேரும்போதே ஓட்டுநர்கள் குண்டாக இருந்திருப்பார்களோ என்ற சந்தேகம் வந்தது. அதைத் தீர்க்க அவர் எடுத்துப் பார்த்தது சீருடைக் கணக்கை! தையல் அளவுகளின்படி ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு நடத்துநர்களுடையதைவிடப் பெரிது. ஆக, இரண்டு தரப்புக்கும் இடையே உடல்வாகிலும் வேறுபாடு இருந்தது என்பதை மறைக்காமல் 1956-இல் அதையும் எழுதினார். தன் முடிவைத் தானே சோதித்துப் பார்க்கும் இந்த நேர்மைதான் அந்த ஆய்வை இன்றும் மதிக்க வைக்கிறது. மாரிஸ் 2009-இல், 99 வயதில் காலமானார்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த நடத்துநர்கள் வெறுமனே நிற்கவில்லை, ஏறி இறங்கினார்கள். மேசை விற்பவர்கள் இந்த ஆய்வைச் சொல்லும்போது விட்டுவிடும் இடம் இதுதான்.

● நின்றால் எடை குறையுமா? பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வந்த கணக்கின்படி, உட்கார்ந்திருப்பதைவிட நிற்கும்போது நிமிடத்துக்கு 0.15 கலோரிதான் கூடுதலாகச் செலவாகிறது. 65 கிலோ எடையுள்ளவர் ஆறு மணி நேரம் நின்றால் 54 கலோரி. ஏறக்குறைய ஒரு இட்லி. எடைக்காக மட்டும் இந்த மேசையை வாங்க நினைத்தால் அந்தப் பணத்தில் நல்ல நடைக் காலணி வாங்கிக்கொள்ளுங்கள்.

● தொழில்சார் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டிலேயே முழு நூல் எழுதியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமசினி. குனிந்து உட்கார்ந்தே இருக்கும் தையல்காரர்களும் செருப்புத் தைப்பவர்களும் முதுகு வளைந்துபோவதை எழுதினார். நின்றே வேலை செய்பவர்களுக்கும் தனி அத்தியாயம் ஒதுக்கினார். கால் நரம்புகள் புடைத்துச் சுருள்வதை அதில் குறிப்பிட்டார். நோயாளியிடம் ‘நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?’ என்று கேட்கும்படி மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியவரும் அவர்தான். முன்னூறு ஆண்டுகள் கழிந்தும் எத்தனை மருத்துவர்கள் அதைக் கேட்கிறார்கள்?

● கெண்டைக்கால் தசையை ‘இரண்டாவது இதயம்’ என்று மருத்துவர்கள் சொல்வது உண்டு. நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் உடலின் கீழ்ப்பகுதிக்கு இறங்கிவிடுகிறது. அதைப் புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏற்ற இதயத்தால் மட்டும் முடியாது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, சிரை நாளங்களைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளிய ரத்தம் திரும்பக் கீழே வராதபடி நாளங்களுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் தடுக்கின்றன.

அசையாமல் நின்றால் இந்தப் பம்பு ஓடாது. ரத்தம் காலிலேயே தேங்கும். பள்ளி மைதானத்தில் காலை வழிபாட்டின்போது, சுதந்திர தின அணிவகுப்பின்போது பிள்ளைகள் பொத்தென்று மயங்கி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ‘காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான்’ என்பார்கள். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் விறைப்பாக, அசையாமல், வெயிலில் நின்றதால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்ததே பெரும்பாலும் உண்மைக் காரணம். ‘நேராக நில், ஆடாதே’ என்று அதட்டும் ஆசிரியர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காலணிக்குள் விரல்களை மடக்கி நீட்டவும், கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்தவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

● நிற்பது இதயத்தைக் காக்கும் என்ற நம்பிக்கையை 2024-இல் வந்த ஓர் ஆய்வு ஆட்டிவிட்டது. பிரிட்டனில் 83,000-க்கும் மேற்பட்டவர்கள் கையில் அணிந்த கருவிகளின் பதிவுகளை சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். அதிக நேரம் நின்றவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. மாறாக, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கும் ஒவ்வோர் அரை மணிக்கும், ரத்தம் தேங்குவதால் வரும் தொல்லைகள் 11% கூடின. கால் நரம்புச் சுருட்டல் அவற்றில் ஒன்று. பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் ஆபத்து கூடியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இரண்டு பக்கமும் அளவு மீறினால் கேடுதான்.

● கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சுமார் 7,300 தொழிலாளர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலும் நின்றே செய்யும் வேலையில் இருந்தவர்களுக்கு, பெரும்பாலும் உட்கார்ந்து செய்யும் வேலையில் இருந்தவர்களைவிட இதய நோய் ஏறக்குறைய இரு மடங்கு வந்தது.

● அப்படியானால் அந்த மேசை வீணா? இல்லை. இங்கிலாந்தின் லெஸ்டரில் 146 மருத்துவமனை அலுவலக ஊழியர்களை இரண்டு குழுவாகப் பிரித்து நடத்திய சோதனை 2018-இல் வெளியானது. உயரம் மாற்றும் மேசை கிடைத்த குழு, ஓராண்டு முடிவில் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு 83 நிமிடம் குறைவாக உட்கார்ந்திருந்தது. அசதி குறைந்தது, உடல்வலி குறைந்தது, வேலையில் ஈடுபாடு கூடியது என்று அவர்கள் தெரிவித்தார்கள்.

ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது மேசை மட்டும் அல்ல. எதற்காக எழ வேண்டும் என்று விளக்கும் வகுப்பு, எவ்வளவு உட்கார்ந்தோம் என்று காட்டும் கருவி, அவ்வப்போது வந்து விசாரிக்கும் பயிற்றுநர் எல்லாம் கூடவே இருந்தன. லட்சக்கணக்கில் செலவழித்து மேசைகளை இறக்கிவிட்டு, ‘சீட்டில் ஆளைக் காணோமே’ என்று மேலாளர் முகம் சுளிக்கும் அலுவலகத்தில் இந்தப் பலன் கிடைக்காது. இன்னொன்றும் உண்டு. மேசை கிடைத்தவர்கள் கூடுதலாக நடக்கவில்லை. அவர்கள் எடுத்துவைத்த அடிகளின் எண்ணிக்கை அப்படியேதான் இருந்தது. நடையை மேசை தராது. அதை நாம்தான் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

● எவ்வளவு நேரம் நிற்கலாம்? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் ஹெட்ஜ் சொன்ன கணக்கு 20-8-2. அரை மணி நேரத்தில் 20 நிமிடம் உட்கார்ந்து, 8 நிமிடம் நின்று, 2 நிமிடம் நடந்து வர வேண்டும். நினைவில் வைக்க இதைவிட எளிதான கணக்கு கிடையாது.

● கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சிறிய சோதனை ஒன்று 2023-இல் வெளியானது. பங்கேற்றவர்கள் 11 பேர்தான். ஆனாலும் சர்க்கரை நோய் இல்லாத வீடே அரிதாகிவிட்ட நமக்கு இது முக்கியம். எட்டு மணி நேரம் உட்கார்ந்தே இருந்த நாளோடு, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் மெதுவாக நடந்த நாளை ஒப்பிட்டார்கள். நடந்த நாளில், சாப்பாட்டுக்குப் பின் எகிறும் சர்க்கரை 58% குறைந்தது. ரத்த அழுத்தமும் இறங்கியது. அதற்கு மேசையும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம்.

● நின்று வேலை பார்ப்பவருக்கு மேசை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? உங்கள் முழங்கைதான் அளவுகோல். தோளைத் தளர்த்தி, கையைத் தொண்ணூறு பாகையில் மடக்கினால் முழங்கை எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே கீபோர்டு இருக்க வேண்டும். ஐந்தரை அடிக்குச் சற்றுக் குறைவாக இருப்பவருக்கு அது மூன்றே கால் முதல் மூன்றரை அடி வரும். சாதாரண மேசை இரண்டரை அடிதான். சமையல் மேடையும் மூன்றடியைத் தொடுவதில்லை. அதனால் அதன்மேல் மடிக்கணினியை வைத்து வேலை பார்த்தால் கழுத்தும் தோளும் வலிக்கத் தொடங்கிவிடும்.

மடிக்கணினியில் இன்னொரு சிக்கல். திரையும் விசையும் ஒட்டியே இருப்பதால், கை சரியான உயரத்தில் இருந்தால் கழுத்து குனியும். கழுத்து நேரானால் தோள் தூக்கிக்கொள்ளும். கெட்டியான பெட்டியின்மேல் மடிக்கணினியை ஏற்றித் திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, கீபோர்டும் மவுஸும் தனியாக வாங்கி இணைத்துக்கொள்ளுங்கள். அதிக விலை கொடுத்து வாங்கும் மேசையைவிட இது முதலில் பலன் தரும்.

● முதல் நாளே மூன்று மணி நேரம் நிற்காதீர்கள். பதினைந்து நிமிடத்தில் தொடங்குங்கள். முட்டியைப் பூட்டியதுபோல் விறைக்க விடாமல் லேசாகத் தளர்த்தி நில்லுங்கள். சின்னப் பலகையில் ஒரு காலை மாற்றி மாற்றி வைத்தால் இடுப்பு வலிக்காது. வெறும் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்பதைவிடத் தடித்த ரப்பர் விரிப்பு நல்லது. ஏற்கெனவே நரம்புச் சுருட்டல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் நெடுநேரம் நிற்க வேண்டாம்.

● நின்றபடி எழுதியவர்கள் பட்டியல் நீளமானது. எர்னஸ்ட் ஹெமிங்வே, கியூபாவில் இருந்த வீட்டில் புத்தக அலமாரியின்மேல் தட்டச்சுப்பொறியை வைத்து நின்றே எழுதினார். வர்ஜீனியா வூல்ஃபுக்கு இளமையில் மூன்றரை அடி உயர மேசை இருந்தது. சர்ச்சிலின் சார்ட்வெல் வீட்டிலும் நின்று வேலை பார்க்கும் மேசை உண்டு.

● எல்லா வேலையையும் நின்று செய்ய முடியாது. கண் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்கள் உட்கார்ந்தே செய்கிறார்கள். கை துளியும் நடுங்கக் கூடாது. நுண்ணோக்கியை இயக்கும் மிதிகட்டைக்குக் கால்களும் வேண்டும். நுணுக்கமான வேலைக்கு உட்காருங்கள். போனில் பேசும்போதும் நீண்ட மின்னஞ்சலைப் படிக்கும்போதும் எழுந்துவிடுங்கள்.

● ‘உட்கார்வது புகைபிடிப்பதற்குச் சமம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது மிகை. புகையிலையின் கேடு அதைவிடப் பல மடங்கு பெரிது.

● உட்கார்ந்தே இருக்க வேண்டிய வேலையா? 2016-இல் ‘லான்செட்’ வெளியிட்ட, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு ஆறுதல் தருகிறது. தினமும் 60 முதல் 75 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற உடலுழைப்பு உள்ளவர்களிடம், எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்வதால் கூடும் இறப்பு ஆபத்து காணப்படவில்லை. அவ்வளவு முடியாதவர்களுக்கும், எந்த அளவு அசைவும் சும்மா இருப்பதைவிட மேல் என்பதே உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த அறிவுரை.

● கடைசியாக, அந்த ஜவுளிக்கடைப் பெண்ணிடம் வருவோம். அவருக்கு நாற்காலி கேட்பது புதிய கோரிக்கை அல்ல. கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று பிரிட்டன் 1899-லேயே சட்டம் இயற்றியது. நின்று வேலை செய்யும் தொழிலாளர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்று நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆவது பிரிவு சொன்னது. ஆனால் அது ஆலைகளுக்கு. கடைகளில் நின்றவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

அதை மாற்றியது கோழிக்கோட்டில் எழுந்த குரல். தையல் வேலை செய்துவந்த விஜி, கடைத்தெருப் பெண்களைத் திரட்டி ‘பெண்கூட்டு’ அமைப்பைத் தொடங்கினார். முதல் கோரிக்கை கழிப்பறை. கழிப்பறை இல்லாததால் அந்தப் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே இருந்தார்கள். அடுத்தது உட்காரும் உரிமை. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு கேரள அரசு 2018-இல் சட்டத்தைத் திருத்தியது.

தமிழ்நாடு 2021 செப்டம்பரில் அந்த வழியில் சென்றது. 1947-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி ஒவ்வொரு கடையும் நிறுவனமும் ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் உட்காரலாம். இது கடைக்காரர் காட்டும் சலுகை அல்ல, ஊழியரின் உரிமை.

முக்காலி வாங்கிப் போட்டுவிட்டு, ‘வாடிக்கையாளர் வந்தால் என்ன நினைப்பார்?’ என்று உட்கார விடாத கடைகள் இருக்கின்றன. அந்த வாடிக்கையாளர் நாம்தான். அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது, நின்றுகொண்டிருப்பவரிடம் ‘உட்கார்ந்தே எடுத்துக் கொடுங்கம்மா’ என்று முதலாளி காதில் விழும்படி சொல்லுங்கள். இருக்கையே இல்லாத கடையைப் பார்த்தால் உங்கள் பகுதித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.