ஆடிக் காற்றுக்கு அசையாத சட்டம்

சோலார் பேனலைத் தாங்கும் சட்டம் காற்றைக் கணக்கிட்டே வடிவமைக்கப்படுகிறது. வீட்டு மாடிகளில் ஏறும் 540 வாட் பேனல் ஒன்றின் எடை ஏறத்தாழ 28 கிலோ, பரப்பு 2.6 சதுர மீட்டர். அந்த எடையைச் சாதாரண ஆங்கிளே தாங்கிவிடும். ஆனால் சோழபுரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கமிருந்து வரும் காற்று பேனலுக்கு அடியில் புகுந்து மேலே தூக்கும். சட்டத்துக்குச் சோதனை அப்போதுதான்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, மதுரைக்கு அடிப்படைக் காற்றுவேகமாக நொடிக்கு 39 மீட்டரைக் குறிக்கிறது. மணிக்கு 140 கிலோமீட்டர் அது. சென்னைக்கு 50 மீட்டர். இந்த வட்டாரத்துக்கு மதுரையின் அளவைக் கொண்டு பார்த்தால், ஒரு சதுர மீட்டரில் சுமார் 93 கிலோ விசை விழும். அது முழுவதும் மேல்நோக்கி இழுத்தால் ஒரு பேனலுக்கு 240 கிலோ. ஆறு பேனல் கொண்ட 3 கிலோவாட் அமைப்புக்கு 1,400 கிலோவுக்கும் மேல். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் என்ற உச்ச மானியம் கிடைப்பதும் இதே 3 கிலோவாட்டில்தான்.

சாய்வைக் குறைத்தால் காற்றின் பிடியும் குறையும். ராஜபாளையம் 9.5 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டி உச்சிக்கு வரும் சூரியன், ஆவணி நடுப்பகுதி வரை நண்பகலில் வடக்கே சாய்ந்தே நிற்கும். ஆகவே தெற்கு நோக்கி 10 பாகை போதும். இரண்டேகால் மீட்டர் பேனலுக்கு முன்காலைவிடப் பின்கால் 40 சென்டிமீட்டர் உயர்ந்தால் அந்தச் சாய்வு கிடைக்கும். மழை தூசியைக் கழுவவும் அது உதவும். மாடியில் துணி காயப்போட இடம் வேண்டுமென்று காலை எட்டடிக்கு உயர்த்துபவர்கள், குறுக்குச் சட்டத்துக்கும் அடித்தளத்துக்கும் கூடுதலாகச் செலவழித்தே ஆக வேண்டும். அங்கே சிக்கனம் பார்ப்பது ஆபத்து.

தமிழ்நாட்டு மொட்டைமாடியில் கான்கிரீட்டுக்கு மேல் சுருக்கி, அதற்கு மேல் தட்டோடு இருக்கும். ஆங்கர் போல்ட் இந்த இரண்டில் மட்டும் நின்றால் பிடிப்பே இல்லை. கான்கிரீட் வரை துளைத்தாலோ, பல வீடுகளில் அதன் கனம் நான்கைந்து அங்குலம்தான். ஆழம் தப்பினால் ஒழுகும். கான்கிரீட் பீடம் வார்த்து அதில் போல்ட்டைப் புதைப்பதே நல்லது. ஒன்றரை அடிக் கனசதுரம் ஒன்று சுமார் 230 கிலோ இருக்கும். அத்தகைய பீடங்கள் சுவருக்கோ பீமுக்கோ நேர் மேலே அமைய வேண்டும். தளத்தின் நடுவே வைத்தால் தளம் தொய்யும்.

பட்டறையில் அதிகக் கவனம் கேட்பது ஓட்டை. எல்லா ஓட்டைகளையும் போட்டு முடித்த பிறகே சட்டத்தைத் துத்தநாகக் குளியலுக்கு அனுப்ப வேண்டும். முலாம் பூசி வந்த ஆங்கிளை மாடியில் வைத்துத் துளைத்தால் ஓட்டையின் உள்சுவர் வெற்று இரும்பாக நிற்கும். ஐப்பசி மழையில் துரு அங்கிருந்துதான் கிளம்பும். தவிர்க்க முடியாமல் துளைத்துவிட்டால், பிசிறை அரத்தால் நீக்கித் துத்தநாகப் பெயின்ட் பூச வேண்டும்.

எம்8 போல்ட்டுக்கு 9 மில்லிமீட்டர் ஓட்டை. அதன் மையம் ஆங்கிளின் விளிம்பிலிருந்து ஓட்டை விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது, அதாவது 14 மில்லிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்; நெருங்கினால் விளிம்பு கிழியும். சென்டர் பஞ்ச்சால் குறியிட்டு, முதலில் சிறிய பிட்டால் வழி எடுத்து, பிறகு 9 மில்லிமீட்டர் பிட்டை நிமிடத்துக்கு 800, 900 சுற்றில் எண்ணெய் விட்டு இறக்கினால் இரும்பில் ஓட்டை வட்டமாக விழும். அலுமினியத்துக்கு இன்னும் வேகமாகச் சுற்றலாம். ஆறு மீட்டர் அலுமினிய ரெயில் 40 பாகை வெப்ப மாற்றத்தில் ஐந்தரை மில்லிமீட்டர் நீள்வதால், அதன் இணைப்புகளில் நீள்வட்ட ஓட்டையே பொருந்தும். பேனலின் சொந்தச் சட்டத்தில் புதிதாக ஓட்டை போடவே கூடாது, உத்தரவாதம் போய்விடும். கிளாம்ப்பையோ, தயாரிப்பாளர் விட்ட ஓட்டையையோ பயன்படுத்துவதே முறை.

நூற்பாலைகளின் தகரக் கூரையில் திருகு, தகரத்தைத் தாண்டி அடியிலுள்ள பர்லினைப் பிடிக்க வேண்டும். மழைநீர் ஓடும் பள்ளத்தைத் தவிர்த்து மேட்டில் துளைத்து, ரப்பர் வாஷர் இட்டு இறுக்குவார்கள்.

போல்ட்டும் நட்டும் துருப்பிடிக்காத எஃகில் இருப்பது நல்லது. அலுமினியமும் முலாம் போன இரும்பும் ஈரத்தில் உரசுமிடத்தில் அரிப்பு வருவதால், நடுவே ரப்பர் அல்லது நைலான் துண்டு வைப்பார்கள். காற்றின் அதிர்வில் நட்டு தளரும் என்பதால் ஆண்டுதோறும் வைகாசியில், காற்று தொடங்குமுன், ஒவ்வொரு நட்டையும் டார்க் ஸ்பேனரால் சோதித்து, துரு தெரியும் ஓட்டைகளுக்கு மறுபடி பெயின்ட் பூசிவிட வேண்டும்.