குழந்தை திருமணம் பற்றி குறும்படம் எடுக்கும் மாணவர்களே உஷார்! சிறுமியின் முகத்தை காட்டினால் ஜெயில்

பாடாலூர்,

"படிக்க அனுப்பினா பள்ளிக்கூடத்துல படமா காட்டுறாங்க?" பிள்ளை வீட்டுக்கு வந்து விஷயத்தை சொன்னதும் இப்படி கேட்காத பெற்றோர் குறைவு. திருச்சி-சென்னை நெடுஞ்சாலை ஓரம் உள்ள பாடாலூரும் இதற்கு விதிவிலக்கு அல்ல.

அரசு பள்ளிகளில் சிறார் திரைப்பட விழாவை பள்ளிக்கல்வித்துறை 2022-ம் ஆண்டு தொடங்கியது. சார்லி சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்களை போட்டு காட்டி, அது பற்றி மாணவ-மாணவிகளை பேச வைத்தார்கள். விமர்சனம் எழுத வைத்தார்கள், காட்சிகளை நடித்து காட்ட சொன்னார்கள். பள்ளி, ஒன்றியம், மாவட்டம் என்று ஜெயித்தவர்கள் மாநில அளவுக்கு போனார்கள். அதில் தேர்வான 25 பேர் 2023 நவம்பரில் ஜப்பானுக்கே போய் வந்தனர். அங்கே போனவர்கள் எல்லாம் அரசு பள்ளி பிள்ளைகள் என்பது குறிப்பிடத்தக்கது.

படம் பார்த்த பிள்ளைக்கு படம் எடுக்க ஆசை வருவது சகஜம். வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறது. எதை பற்றி எடுப்பது? வெளியே தேட வேண்டியதில்லை. பெரம்பலூர் மாவட்டத்தில் 'சிறுமிக்கு நடக்க இருந்த திருமணம் தடுத்து நிறுத்தம்' என்ற செய்தி மாலை பேப்பர் படிப்பவர்களுக்கு புதுசு இல்லை.

ஊருக்கே தெரியும்

இங்கேதான் சிக்கல். ஒரே பள்ளிக்கூடத்து பிள்ளைகள் மட்டும் சேர்ந்து எடுத்தால், 9-ம் வகுப்போடு திடீர்னு நின்னுபோன பொண்ணு யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். பெயரை மாற்றினாலும் வீட்டு வாசலும் சைக்கிளும் காட்டி கொடுத்துடும்.

நாலு ஊர் பள்ளிக்கூடங்கள் சேர்ந்தால் கதை வேறு. பாடாலூர் பையன் கேள்விப்பட்டது, செட்டிகுளம் பொண்ணு பார்த்தது எல்லாம் கலந்து ஒரே கதையாகிவிடும். "இது இன்னார் வீட்டு சங்கதி" என்று யாரும் விரல் நீட்ட முடியாது. காரணங்களும் கூடுதலாக கிடைக்கும். ஒரு ஊரில் கடன், இன்னொரு ஊரில் காதல் பயம். அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் வெங்காய காட்டு வேலைக்கு போய்விட, வயசுக்கு வந்த பொண்ணு வீட்டில் தனியா இருக்கே என்ற கவலை வேறு ஒரு ஊரில். அந்த தாயை வெறும் வில்லியாக காட்டிவிட்டு போவது சுலபம். ஆனால் அந்த படத்தை பார்த்து எந்த தாயும் மனசு மாற மாட்டாள்.

தலைநகர் டெல்லியில் தெருவோர சிறுவர்-சிறுமிகள் சேர்ந்து 'பாலக்நாமா' என்ற பத்திரிகையை 2003-ல் தொடங்கினார்கள். எழுத தெரியாத பிள்ளைகள் வாயால் சொல்ல, எழுத தெரிந்தவர்கள் எழுதி கொடுப்பார்கள். வேறு வேறு பகுதி பிள்ளைகள் கொண்டு வந்த சேதிதான் அந்த பத்திரிகைக்கு பலம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பாதிக்கப்பட்ட 18 வயதுக்கு உட்பட்டவரின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக்கூடாது என்கிறது 2015-ம் ஆண்டு சிறார் நீதி சட்டத்தின் 74-வது பிரிவு. மீறினால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், இரண்டும் கூட கிடைக்கலாம். 'சும்மா ஸ்டேட்டஸ்ல தான் வைச்சேன்' என்று சொல்லி தப்பிக்க முடியாது. முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நினைப்பதும் தப்பு, குரலும் யூனிபார்மும் கூட அடையாளம்தான். அந்த பொண்ணு வேடத்தில் வேறு ஊர் மாணவி நடிப்பதே நல்லது.

குழந்தை திருமண தடை சட்டம் 2006-ம் ஆண்டு வந்தது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். கல்யாணத்தை நடத்தி வைத்தவருக்கு 2 ஆண்டு வரை கடுங்காவல், ரூ.1 லட்சம் வரை அபராதம்.

படத்துக்காக விசாரிக்க போன இடத்தில் நிஜமாகவே ஒரு கல்யாண ஏற்பாடு காதில் விழலாம். அப்போது கேமராவை எடுக்க வேண்டாம். ஆசிரியரிடம் சொல்லலாம், அல்லது 1098-க்கு போன் போடலாம். காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். தகவல் சொன்னவர் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள்.