படம் போட்டுக் கதை சொன்னவர்



நெய்வேலியில் பல ஆண்டுகள் ஓவிய ஆசிரியனாக இருந்தவன் நான். ஆறாம் வகுப்புக்குப் பாடம் தொடங்கும் முதல் நாளில், "உங்கள் ஊரை வரையுங்கள்" என்று சொல்வது என் வழக்கம். ஆண்டுதோறும் ஒரே படம்தான் வந்து சேரும். இரண்டு மலைகள்; அவற்றுக்கு நடுவே பாதிச் சூரியன்; கீழே வளைந்து வரும் ஓர் ஆறு; கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. நெய்வேலியில் மலை ஏது? சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேடுகள்தாம் உண்டு. அவற்றை ஒரு பிள்ளையும் வரைந்ததில்லை. வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய நம் நகரியத்தின் நேரான சாலைகளையும், வரிசை வீடுகளையும் வரைந்தவர்களும் மிகச் சிலரே. கண்ணால் கண்டதை விட்டுவிட்டு, புத்தகத்தில் கண்டதையே பிள்ளைகள் ஊர் என்று நம்பினார்கள்.

ஓர் ஆண்டு ஒரு சிறுமி மட்டும் வேறொன்றை வரைந்திருந்தாள். ஒரு குளம், அதன் கரையில் பெரிய இலுப்பை மரம், மரத்தடியில் புளி உடைக்கும் பெண்கள். தாளின் அடிப்பாகம் முழுவதையும் கரியால் கறுப்பாக்கியிருந்தாள். "இது எந்த ஊர் அம்மா?" என்று கேட்டேன். "எங்க ஆயா பிறந்த ஊர், சார். நான் பார்த்ததில்லை. ஆயா சொல்லும். இப்போ அங்கே சுரங்கம்" என்றாள். சற்று நின்று, "இந்த மாதிரி ஊரெல்லாம் கதைப் புத்தகத்தில் வருமா, சார்?" என்று கேட்டாள்.

அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. விடையைத் தம் வாழ்க்கையாலேயே சொல்லிவிட்டுப் போன ஒருவரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவர் பெயர் சங்கர். முழுப் பெயர் கேசவ சங்கர பிள்ளை.

சங்கர் என்றவுடன் தமிழ்நாட்டில் பலருக்கு 'அம்புலிமாமா' நினைவுக்கு வரும். கையில் வாளும் தோளில் வேதாளமும் கொண்டு விக்கிரமாதித்தன் நடந்து செல்லும் அந்தப் படத்தை வரைந்த கே. சி. சிவசங்கரன் அவர்களும் 'சங்கர்' என்றே கையெழுத்திட்டார். அவர் 1924-ல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, 1952 முதல் அம்புலிமாமாவில் வரைந்து, 2020-ல் மறைந்தவர். பிறர் எழுதிய கதைகளுக்கு உருவம் தந்த பெருங்கலைஞர் அவர். நான் சொல்ல வந்த சங்கர் வேறு. அவர் கதையையும் எழுதினார், படத்தையும் வரைந்தார், அதை அச்சிட அச்சகமும் அமைத்தார்.

கேரளத்தில் காயங்குளம் என்னும் ஊரில் 1902-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிந்த ஆசிரியர் ஒருவரை அப்படியே வரைந்து தலைமையாசிரியரின் சினத்துக்கு ஆளானார் என்று சொல்வார்கள். ஆசிரியனாகிய எனக்கு இந்தக் கதையைச் சொல்லச் சற்றே கூச்சமாகத்தான் இருக்கிறது. எனினும், எதிரே இருப்பதை உற்றுப் பார்த்து வரைந்த பிள்ளை அவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? பின்பு மாவேலிக்கரையில் ஓவியம் பயின்றார். திருவனந்தபுரத்தில் பட்டம் பெற்றார். சட்டம் படிக்கப் பம்பாய் சென்றவர், சட்டத்தை விட்டுவிட்டுப் பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் வரையலானார். 1932-ல் தில்லியில் 'இந்துஸ்தான் டைம்ஸ்' நாளேட்டில் சேர்ந்தார். 1948-ல் 'சங்கர்ஸ் வீக்லி' என்னும் தமது சொந்த வார இதழைத் தொடங்கினார். அதைத் தொடங்கி வைத்த பிரதமர் நேரு, தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் என்று சங்கரிடம் சொன்னார். சங்கரும் விட்டுவைக்கவில்லை!

பெரியவர்களைச் சிறியவர்களாக்கிக் காட்டுவது கேலிச்சித்திரக்காரரின் தொழில். அத்தகையவர், சிறியவர்களின் உலகத்தைப் பெரிதாக மதித்து அதற்குள் புகுந்ததுதான் வியப்பு. 1949-ல் தம் இதழின் சார்பில் குழந்தைகளுக்காக ஓர் ஓவிய, எழுத்துப் போட்டியை அவர் நடத்தினார். முதலில் இந்தியக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய அது, விரைவிலேயே உலக நாடுகள் அனைத்துக்கும் உரியதாயிற்று. அந்தக் குழந்தைகள் மலருக்காக நேருவும் பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்.

ஆயிரக்கணக்கில் வந்து குவிந்த அந்தப் படங்களைப் பார்த்தவருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பே. இவ்வளவு கூர்மையாகப் பார்க்கும் கண்களுக்கு நாம் என்ன புத்தகம் கொடுத்திருக்கிறோம்? அக்காலத்தில் வண்ணப்படம் கொண்ட நல்ல குழந்தை நூல் வேண்டுமென்றால், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். அதன் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. அதில் வரும் குழந்தை பனியில் விளையாடும். நம் குழந்தை பனிமழையைக் கண்டதே இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்க 1957-ல் சங்கர் தில்லியில் 'சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட்' என்னும் அறநிலையத்தை நிறுவினார். அதே 1957-ல், மே மாதம் 20-ஆம் நாள், நேரு நெய்வேலிக்கு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நெய்வேலி நிறுவனம் பதிவான நாளோ 1956 நவம்பர் 14. நேருவின் பிறந்த நாள், நாம் குழந்தைகள் தினமாகக் கொண்டாடும் நாள். புதிய நாட்டுக்கு மின்சாரமும் வேண்டும், குழந்தைகளுக்கு நல்ல புத்தகமும் வேண்டும் என்ற இரண்டு எண்ணங்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் செயலாயின என்பதை நினைவில் வையுங்கள்.

படப் புத்தகம் என்பது யாது? கதைக்கு நடுவே அங்கங்கே படம் சேர்த்தால் அது படப் புத்தகம் ஆகிவிடாது. நல்ல படப் புத்தகத்தில் எழுத்து பாதியைச் சொல்லும்; மற்றப் பாதியைப் படம் சொல்லும். 'பையன் ஒன்றும் அறியாதவன் போல நின்றான்' என்று எழுத்து சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். படத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் மறைத்த மாம்பழம் தெரிகிறது. படிக்கத் தெரியாத தம்பியும் அதைக் கண்டு சிரிக்கிறான். ஆகவேதான், எழுதும் கையும் வரையும் கையும் ஒருவருடையதாக இருக்கும்போது புத்தகம் சிறக்கிறது. எதைச் சொல்லாமல் விடலாம் என்பது அவருக்கே தெரியும்.

இவ்வகையில் சங்கர் எழுதி வரைந்த நூல்களுள் புகழ்பெற்றது, 1965-ல் வெளிவந்த 'தாத்தாவோடு வாழ்க்கை' என்ற பொருள்படும் ஆங்கில நூலாகும். தம் தாத்தாவின் வீட்டில் கழித்த இளமைக் காலத்தையே அவர் அதில் கதைகளாக்கினார். அரசர் இல்லை, அரக்கர் இல்லை. ஒரு கிராமம், ஒரு பெரிய வீடு, குறும்புக்காரச் சிறுவன் ஒருவன், அவனுடைய தாத்தா, இவ்வளவே. அறுபது வயதை எட்டிய ஒருவர், தலைநகரில் பெருந்தலைவர்களுடன் பழகிய ஒருவர், எழுத உட்கார்ந்தபோது அவர் மனத்தில் முதலில் எழுந்து நின்றது அந்த வீடுதான். கேரளத்து வீட்டை அவர் எவருக்கும் விளக்கிக் கொண்டிருக்கவில்லை. தமக்குத் தெரிந்தபடி வரைந்தார். வேறு மொழி பேசும் குழந்தைகளும் அதில் தங்கள் தாத்தாவைக் கண்டார்கள்.

கதையும் படமும் இருந்தால் போதுமா? விலை குறைய வேண்டாமா? வண்ண அச்சு எவ்வாறு நடைபெறுகிறது என்று சற்று பார்ப்போம். மஞ்சள், நீலம், சிவப்பு, கறுப்பு ஆகிய நான்கு மைகளைத் தனித்தனித் தகடுகளால் ஒரே தாளில் அடுத்தடுத்துப் பதிப்பார்கள். அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து எல்லா நிறங்களையும் காட்டும். செலவு மிகுந்த வேலை இது. ஆனால் எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்குமாயின் ஒரு வழி உண்டு. வண்ணத் தகடுகளை மாற்றாமல், கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றித் தமிழிலும் வங்காளியிலும் இந்தியிலும் அதே நூலை அச்சிடலாம். படச் செலவு பல மொழிகளுக்கும் பங்காகி விலை இறங்கும். அரசின் நேஷனல் புக் டிரஸ்ட் நேருவின் பெயரால் வெளியிட்ட குழந்தை நூல் வரிசையும் ஒரே படங்களைப் பல மொழிகளில் கொண்டுவந்ததே. சங்கர் தம் அறநிலையத்துக்கென இந்திரப்பிரஸ்தா அச்சகத்தையே அமைத்தார். ஓவியர், எழுத்தாளர், அச்சுத் தொழிலாளர் அனைவரும் ஒரு கூரையின்கீழ் கூடினால்தான் குறைந்த விலையில் நல்ல நூல் கிடைக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1965-ல் அவர் அமைத்த பொம்மை அருங்காட்சியகத்தைக் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். 1968-ல் 'சில்ட்ரன்ஸ் வேர்ல்டு' என்னும் சிறுவர் மாத இதழ் தோன்றியது. 1975-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், 27 ஆண்டுகள் நடந்த 'சங்கர்ஸ் வீக்லி'யை அவர் நிறுத்திவிட்டார். குழந்தைகளுக்கான பணியை மட்டும் நிறுத்தவில்லை. 1976-ல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1989 டிசம்பரில் மறைந்தார்.

இனி அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருவோம். நெய்வேலியில் நிலக்கரி மேலே கிடைப்பதில்லை. மணலும் களிமண்ணுமாகப் பல அடுக்கு மண்ணைச் சக்கர இயந்திரங்கள் வெட்டி அகற்ற வேண்டும். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவும் பகலும் இறைத்துக் கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகுதான் 1961-ல் முதல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அந்த மேல் மண்ணில்தான் ஊர்கள் இருந்தன. குளங்களும் இலுப்பை மரங்களும் இருந்தன. மின்சாரம் நமக்கு வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊர்கள் இன்று எங்கே இருக்கின்றன? அங்கு வாழ்ந்த முதியவர்களின் நினைவில் இருக்கின்றன. அவர்களும் ஒவ்வொருவராக விடைபெற்று வருகிறார்கள். வரைபடம் எல்லையைக் காட்டும். பதிவேடு பரப்பளவைக் கூறும். குளத்தங்கரையில் யார் புளி உடைத்தார்கள் என்பதைப் படப் புத்தகம்தான் சொல்லும்.

நூல் செய்வது நமக்கு எட்டாத காரியம் என்று நினையாதீர்கள். எட்டு வெள்ளைத் தாள்களை எடுத்து, ஒன்றாக அடுக்கி, நடுவே மடித்துத் தையுங்கள். 32 பக்கங்கள் கிடைக்கும். படப் புத்தகங்கள் பலவும் இந்த 32 பக்க அளவில் அமைந்தவையே. வீட்டிலுள்ள ஆயாவிடமோ தாத்தாவிடமோ அவர்கள் பிறந்த ஊரைப் பற்றிக் கேளுங்கள். 'ஊர் எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'நன்றாக இருந்தது' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். 'கிணறு வீட்டுக்கு எந்தப் பக்கம்? மழை வந்தால் ஆடுகளை எங்கே கட்டுவீர்கள்?' என்று கேளுங்கள். அப்போது கதை வரும். ஒரு பக்கத்துக்கு இரண்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள். மற்றதைப் படத்திடம் விட்டுவிடுங்கள். முடித்ததும், உங்களைவிடச் சிறிய ஒரு குழந்தைக்குப் படித்துக் காட்டுங்கள். எந்தப் பக்கத்தில் அது வேறு பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கத்தைத் திருத்தி வரையுங்கள்.

அந்தச் சிறுமியின் படத்தை நான் திருப்பிக் கொடுத்தபோது, "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். "இது முதல் பக்கம். அடுத்த பக்கத்தை வரைந்து வா, அம்மா" என்று சொல்லியிருக்க வேண்டும். அன்று அவளிடம் சொல்லத் தவறியதை இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன்.